காது விளிம்பில் தெரியும்

சிவாவா நாயில் எத்தனை வகை என்று கேட்டால் இரண்டு என்பேன்: குட்டை முடி, நீள முடி. கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் என்னிடம் வருகிறவர்கள் இன்னும் பல சொல்வார்கள். "அண்ணை, இது ஆப்பிள் தலை, விலை கூட." "இது டீகப், இதுக்கு மேல வளராது."

ஆப்பிள் தலை தனி வகை அல்ல. உருண்ட மண்டை இந்த இனத்தின் தராதரத்திலேயே எழுதப்பட்டிருப்பது. சரிந்த நெற்றியும் நீண்ட மூஞ்சியும் உள்ளதை 'மான் தலை' என்கிறார்கள். போட்டி மேடையில்தான் அதற்கு மதிப்பில்லை, வீட்டில் வளர்க்க ஒரு குறையும் இல்லை. டீகப் என்பது விற்பவர்களின் சொல். அமெரிக்கத் தராதரம் 6 இறாத்தலைத் தாண்டக்கூடாது என்கிறது. அதற்குள் இன்னொரு சின்னப் பிரிவு கிடையாது. தலையில் நான் கவனிப்பது உச்சிக்குழியை மட்டும்தான். சிலதுக்கு அது வளர்ந்த பிறகும் மூடாது. அங்கே விரலை அழுத்த மாட்டேன்.

முடிதான் உண்மையான பிரிவு. எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணுவின் நீள முடி வடிவம் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் முடி நீளும். அதனால் குட்டை முடிச் சோடிக்கு நீள முடிக் குட்டி பிறக்கலாம். கனேடிய கெனல் கிளப்பின் பட்டியலில் இவை இரண்டு தனி இனங்கள். தெற்கே எல்லையைத் தாண்டினால் ஒரே இனம், இரண்டு வகை.

எட்டுப் பத்துக் கிழமைக் குட்டியின் முதுகை நம்பக்கூடாது. அந்த வயதில் இரண்டுக்கும் பஞ்சு முடிதான். காது விளிம்பை இரண்டு விரலுக்கிடையில் மெல்ல உருவிப் பார்ப்பேன். குட்டை முடி என்றால் வழவழவென்று முடிந்துவிடும். நீள முடி என்றால் சில இழைகள் விளிம்பைத் தாண்டி நிற்கும். பிறகு பின்தொடை, வாலின் அடிப்புறம். மூன்று இடத்திலும் இழை தட்டுப்பட்டால் துணிந்து சொல்வேன். கழுத்து மட்டும் தடித்திருந்தால் சொல்ல மாட்டேன். அடிமுடி அடர்ந்த குட்டை முடி நாய்க்கும் அப்படி இருக்கும்.

சில மாதத்தில் அந்தப் பஞ்சு கொட்டி, நீள முடிக் குட்டி மெலிந்து சொங்கிப்போய்த் தெரியும். பதறிக்கொண்டு தூக்கி வருவார்கள். "வருத்தம் இல்லை அக்கா, பொறுங்கோ. வால் விரிய ரெண்டு வயசும் ஆகும்." வட்டம் வட்டமாக உதிர்ந்து தோல் சிவந்திருந்தால் மட்டும் மிருக வைத்தியரிடம் அனுப்புவேன்.

எந்த முடி என்பதை முன்கூட்டியே அறிந்து சொல்ல வேண்டும் என்று நான் நிற்பது குளிர்காலத்துக்காக. ஜரி பூங்காவில் பனி விழுந்தால் இரண்டு வகைக்கும் சட்டை வேண்டும். குட்டை முடிக்கு ரப்பர் பிரஷ் போதும். நீள முடியில் சட்டை உராய்ந்து, காதின் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் சிக்கு விழுந்து, தோலோடு இறுகி, நடக்கும்போது இழுக்கும். நாய் வலியைச் சொல்லாது, நடக்க மறுக்கும். வீட்டுக்காரர் அதைப் பிடிவாதம் என்று நினைப்பார். அதனால் நீள முடி என்று தெரிந்த அன்றைக்கே ஒரு சீப்பை வாங்கச் சொல்வேன்: வெளியே போய் வந்து சட்டையைக் கழற்றியதும் அந்த இடுக்குகளில் முதலில் விரல், பிறகு சீப்பு.