எஞ்சினில் பொறித்த எண்
மட்டாஞ்சேரியின் மழைக்காலத்தில் புல் விரைந்து வளர்கிறது. ஈரப்புல்லை வெட்டலாகாது என்பதால் புல்வெட்டி இயந்திரம் நாள்கணக்கில் நின்றுவிடுகிறது. அவ்வோய்விலேதான் அது பழுதாகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சுகிறது, கார்புரேட்டர் அடைபடுகிறது, கடற்காற்றில் துரு ஏறுகிறது.

மாற்றுப் பாகம் வாங்க இயந்திரத்தின் பெயர் மட்டும் போதாது. தள்ளிச்செல்லும் புல்வெட்டியில் ஒரு நிறுவனத்தின் உடலும் மற்றொரு நிறுவனத்தின் எஞ்சினும் இணைந்திருப்பது வழக்கம். கத்தி, சக்கரம் ஆகியவற்றுக்கு உடலின் தகட்டிலுள்ள எண் வேண்டும். ஏர் ஃபில்டர், கேஸ்கெட், கார்புரேட்டர் ஆகியவற்றுக்கு எஞ்சினின் எண் வேண்டும்.

பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களில் மாடல், டைப், கோட் என மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பகுபதத்தைப் பிரிப்பதுபோல் இவற்றையும் பிரித்துப் பொருள் காணலாம். மாடல் எண்ணின் முன்னிலக்கங்கள் சிலிண்டர் கொள்ளளவைக் கன அங்குலத்தில் உணர்த்தும். கோட் 190612 எனத் தொடங்கினால், அந்த எஞ்சின் 2019 ஜூன் 12 அன்று உருவானது.

துரு இவ்விலக்கங்களைத் தின்றுவிட்டால், கடையில் இருக்கும் பாகத்தையும் கேட்டுப் பெற இயலாது. சீராக்கத்தக்க இயந்திரம் பழைய இரும்பாக எடைக்குப் போகும். ஆகவே மழைக்கு முன் பெட்ரோலை வடிப்பதோடு, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டுக் கத்தியின் நீளத்தையும் நடுத்துளையையும் அளந்து, எல்லா எண்களையும் தாளில் எழுதிவைப்பதும் பராமரிப்பேயாகும்.