மலர்ப் பாத்தியில் ஓர் ஓவியர்

1891ஆம் ஆண்டு, ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் கண் மருத்துவர் ஒருவர், கெர்ட்ரூட் ஜீக்கில் என்னும் ஆங்கிலப் பெண்மணியிடம் ஓவியத்தையும் பூந்தையலையும் விட்டுவிடுமாறு கூறினார். இளமையில் ஓவியப்பள்ளியில் பயின்றவர் அவர். ஐம்பதை நெருங்கிய வயதில் கிட்டப்பார்வை முற்றியிருந்தது. தூரிகையை வைத்த கை, மண்வெட்டியை முழுமையாகப் பற்றிக்கொண்டது.

அக்காலத்து இங்கிலாந்தின் செல்வர் தோட்டங்களில், கண்ணாடிக் குடில்களில் வளர்த்த செடிகளைக் கம்பளக் கோலம்போல் நட்டுப் பருவம் முடிந்ததும் பிடுங்கி எறியும் வழக்கம் இருந்தது. இயந்திரப் பொருள்களின் பெருக்கத்தை வெறுத்துக் கைத்தொழிலின் மாண்பை மீட்க முயன்ற கலை கைவினை இயக்கத்தார்க்கு இது உவக்கவில்லை. ஜீக்கில், ஏழை உழவர்களின் குடிசை முற்றங்களில் தலைமுறைதோறும் பூத்துவந்த லாவண்டரையும் பழைய ரோசா வகைகளையும் சீமைத்துத்தியையும் தேடிப் போற்றினார். எனினும் அயல்செடி என்பதற்காக எதையும் அவர் ஒதுக்கவில்லை. அமெரிக்க மண்ணில் பிறந்த டேலியாவும் கல்வாழையும் அவர் தோட்டத்தில் இடம்பெற்றன. செடியின் பிறப்பைவிட, அது நிற்கும் இடத்திற்குப் பொருந்துகிறதா என்பதே அவருடைய கேள்வி.

சர்ரே மாவட்டத்து மன்ஸ்டெட் உட்டில் அவர் அமைத்த மலர்ப்பாத்தி, ஏறத்தாழ 200 அடி நீளமும் 14 அடி அகலமும் உடையது. இரு முனைகளிலும் சாம்பல் நிற இலைகள். அவற்றினூடே நீலமும் ஊதாவும் வெண்மையும். நடுவை நெருங்க நெருங்க மஞ்சள் அடர்ந்து, செம்மஞ்சளாகி, கல்வாழையின் சிவப்பில் கனன்று, மீண்டும் தணியும். மங்கிய கண்ணுக்குத் தனிப்பூக்களைவிட வண்ணத்திரள்களே தோன்றியிருக்கும். குறையே துணையானது போலும்.

நிறத்தைவிடக் கடினமானது காலம். கீழ்த்திசைக் கசகசாச் செடி கோடையின் தொடக்கத்தில் செக்கச்செவேலெனப் பூத்துச் சில வாரங்களில் வாடி மறையும், அவ்விடம் வெறுமையாகும். அதனருகே நுரைபோல் வெண்பூ விரிக்கும் ஜிப்சோபிலாவை ஜீக்கில் நட்டார். அது வளர்ந்து பரவி வெறுமையை மூடியது. அதுவும் பழுப்பேறும் வேளையில் நாஸ்டர்டியக் கொடி மேலேறிப் படர்ந்தது. ஒரு செடியைத் தேர்ந்தபோதே அதன் வாட்டத்தையும், அப்போது தோள்கொடுக்கும் செடியையும் அவர் எண்ணிவைத்தார். கடைத்தெருவில் கண்ணைக் கவர்ந்ததை அள்ளிவருவோர்க்கு இப்பொறுமை வாய்ப்பதில்லை.

1920இல் அவருடைய உருவத்தை வரைய வந்த ஓவியர் வில்லியம் நிக்கல்சன், அவர் மண்ணில் உழன்று தேய்த்த காலணிகளையும் தனியே வரைந்தார். அவ்வோவியம் இன்றும் லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.