மாடி அறைத் தம்பியும் நீதிமொழிகளும்

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து வீடு வந்தால் வாசலில் இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். சிப்காட்டில் வேலை செய்யும் பையன்கள். ஒருவன் கையில் சம்பளச் சீட்டு இருக்கும், இன்னொருவன் பி.எஃப். விண்ணப்பத்தோடு வந்திருப்பான், வேறொருவன் போனில் ஏதோ கடன் ஒப்பந்தத்தைத் திறந்து வைத்திருப்பான். "ஐயா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவேன். இளைஞர்களுக்கு வழிகாட்டுகிறார் என்று பங்கில் சிலர் என்னைப் பெருமையாகப் பேசுவது காதில் விழுகிறது. அந்தப் பெருமைக்கு நான் தகுதியானவன் இல்லை. ஏன் என்று எழுதி வைத்துவிட வேண்டும் என்பது நெடுநாளைய நினைப்பு. இன்று எழுதுகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1 அன்று ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான். நான் அந்த இடைக்காலத்துப் பிள்ளை. வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு. இன்றைக்கும் சில்லறை எண்ணும்போது மனதுக்குள் பிரெஞ்சு எண்கள்தான் ஓடும்.

அந்தப் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் லா ஃபோந்தேன் கதைப் பாட்டுகள் மனப்பாடம். 1668இல் வெளிவந்த தொகுப்பில் முதல் கதையே சில்வண்டும் எறும்பும்தான். கோடை முழுக்கப் பாடித் திரிந்த சில்வண்டு, குளிர்காலத்தில் எறும்பின் வாசலுக்கு வந்து கொஞ்சம் தானியம் கடன் கேட்கும். வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்லும். எறும்போ, இவ்வளவு நாள் பாடினாயல்லவா, இனி ஆடு என்று சொல்லி அனுப்பிவிடும். வகுப்பில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எறும்பு செய்தது சரிதான் என்று ஒரு பாடம் அப்போதே மனதில் பதிந்துபோயிற்று.

எழுபதுகளில் தமிழ்நாடு அரசுப் பணியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். கோப்புத் தமிழ் அதன் பிறகுதான் கற்றேன். தருமபுரி மாவட்டத்தில் சுற்றி, கடைசியில் ஓசூரில் வருவாய்த் துறையில் நிலைத்தேன். நான் வந்தபோது சிப்காட் வளர ஆரம்பித்த காலம். வண்டித் தொழிற்சாலைகள் வந்தன, பிறகு கடிகாரத் தொழிற்சாலை வந்தது. ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கு அப்பால் கர்நாடகம். கடைவீதியில் ஒரே ஆள் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் திட்டிவிட்டுப் போவார். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2009இல், 58 வயதில், ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்குப் பின்தான் விவிலியத்தின் ஞான நூல்களை ஒழுங்காகப் படித்தேன். ஒரு குமாஸ்தாவுக்கு அதில் பிடித்தமான செய்தி ஒன்று உண்டு. நீதிமொழிகள் நூலின் 25ஆம் அதிகாரம், இவை எசேக்கியா அரசனின் ஆட்கள் படியெடுத்தவை என்று சொல்லித்தான் தொடங்குகிறது. கி.மு. 700 வாக்கில் எருசலேமில் யாரோ நம்மைப் போன்ற எழுத்தர்கள் உட்கார்ந்து நகல் எடுத்திருக்கிறார்கள்! அதே நூலில் 22ஆம் அதிகாரத்திலிருந்து வரும் ஒரு பகுதி, அமெனெமோப்பே என்ற எகிப்தியரின் அறிவுரைகளோடு வெகுவாக ஒத்துப்போகிறது. அந்தப் பாப்பிரஸ் சுருள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டிலும் எல்லைக் கல்லை நகர்த்தக் கூடாது என்ற எச்சரிக்கை வருகிறது. சர்வே கல் தகராறு மனுக்களைப் பார்த்தே காலம் கழித்தவன் நான். மூவாயிரம் ஆண்டாகியும் மனு குறையவில்லையே என்று சிரித்துக்கொண்டேன்.

நீதிமொழிகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு எச்சரிக்கை, பிறர் கடனுக்கு ஜாமீன் நிற்பது பற்றியது. தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டால், வேடன் கையில் சிக்கிய மான் தப்புவது போலத் தப்பு என்கிறது 6ஆம் அதிகாரம். அதற்கு அடுத்தாற்போலவே எறும்பு வருகிறது. நம் சட்டமும் அப்படித்தான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவனுக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் மட்டும் இல்லை. 1987இல் உடன் வேலை செய்த ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, 31 மாதம் என் சம்பளத்தில் பிடித்தம் போயிற்று. பெரியவளுக்குக் காது குத்துவதை அதற்காகத் தள்ளிப் போட்டோம்.

இந்தப் பின்னணியோடுதான் 2022 மே மாதம் மாடி அறைத் தம்பி என்னிடம் வந்தான்.

விழுப்புரம் பக்கத்துப் பையன். ஐ.டி.ஐ. ஃபிட்டர், 22 வயது. ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இன்னொரு பையனோடு எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறுவான், எங்கள் தூக்கம் கெடக் கூடாதென்று. அன்று மாலை வந்து நின்றவன், "ஐயா, ஃபைனான்ஸில் அறுபதாயிரம் கேட்டிருக்கேன். உள்ளூர் ஜாமீன் ஒருத்தர் வேணுமாம்" என்றான்.

நான் அவனை உட்காரச் சொன்னேன். நீதிமொழிகளை எடுத்து 6ஆம் அதிகாரத்தை விளக்கினேன். என் 31 மாதக் கதையைச் சொன்னேன். எறும்பைப் பற்றிச் சொன்னேன், சேமிப்பைப் பற்றிச் சொன்னேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவன் குறுக்கே பேசவில்லை. "சரிங்க ஐயா" என்று எழுந்து போனான். நல்ல முறையில் மறுத்துவிட்டோம், கூடவே புத்தியும் சொல்லிவிட்டோம் என்று எனக்குத் திருப்தி.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை என் போனுக்கு இந்தியில் ஒரு அழைப்பு வந்தது. பிறகு அரைகுறைத் தமிழில் வசவு. தம்பி வாங்கிய கடனுக்கு நான் பொறுப்பாம். சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தம்பியின் முகத்தை ஏதோ அசிங்கமான உடலோடு ஒட்டியிருந்தார்கள். அவன் போனில் இருந்த எண்கள் எல்லாவற்றுக்கும் அது போயிருக்கிறது. அவன் அம்மாவுக்கும்தான்.

மாடி அறைக் கதவு சாத்தியிருந்தது. முதல் நாள் முழுக்கத் திறக்கவில்லை என்று கூட இருந்த பையன் பயந்துபோய்ச் சொன்னான். நான் போய்த் தட்டினேன். "தம்பி, கதவைத் திற, பேசிக்கலாம்" என்றேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகத் தட்டினேன், அப்போதும் இல்லை. அப்போதுதான் என் மனைவி ஒரு தட்டில் ராகிக் களியும் கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். என்னைக் கீழே போகச் சொல்லிக் கை காட்டினாள். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். "சாப்பாடு வச்சிருக்கேன்ப்பா, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

யோபு நூல் படித்தவர்களுக்குத் தெரியும். யோபு எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்தபோது மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்காருகிறார்கள். அதுவரை அவர்கள் செய்தது நல்லது. பிறகு வாயைத் திறந்து, பரம்பரை ஞானத்தை எல்லாம் எடுத்துப் பொழிகிறார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் வருகிறது. அவர்கள் சொன்னதில் பாதி நீதிமொழிகளில் வருவது போலத்தான் இருக்கும். அந்தச் சொற்களைச் சொல்ல வேண்டிய இடமோ நேரமோ அது இல்லை, அவ்வளவுதான். அன்று மாடிப்படியின் கீழே நின்றபோது நான் யார் என்பது எனக்கு விளங்கியது. விவிலியத்து எறும்பைப் பற்றிப் பேசிக்கொண்டே, லா ஃபோந்தேன் எறும்பாக நடந்துகொண்டிருந்தேன். நீதிமொழிகளின் எறும்பு உழைக்கிறது, சேர்க்கிறது. வாசலில் வந்து நின்றவனை அது விரட்டுவதாக அங்கே எங்கும் இல்லை.

அன்று இரவு நான் பேசவில்லை, கேட்டேன். அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை. ஊரில் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஃபைனான்ஸ் கிடைக்காததால் போனில் கடன் செயலிகளில் புகுந்திருக்கிறான். ஏழாயிரம் என்று போட்டுக் கையில் வந்தது நான்காயிரத்துச் சொச்சம். ஏழு நாளில் ஏழாயிரம் கட்ட வேண்டும். ஒன்றை அடைக்க இன்னொன்று என்று ஐந்து செயலி. அவன் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இ.எஸ்.ஐ. பிடித்தம், சம்பளத்தில் 0.75 சதவீதம், மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. அவனைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. அது இல்லையென்றாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. அதற்கு வேண்டியது ஒரு வருமானச் சான்று. பல ஆண்டு என் மேசை வழியாகப் போன காகிதம் அது!

அந்த மே மாத மாலையில் "எதற்குப்பா பணம்?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துத் தன்பதிவேடு போல வரிசையாகக் கோடு போட்டேன். எந்தச் செயலி, எந்தத் தேதி, கைக்கு வந்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொன்னோம், படங்களோடு புகார் எழுதிக் கொடுத்தோம். அவன் அம்மாவுக்கு என் மனைவி போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். ஒரு மாதம் கத்தல் அழைப்புகள் வந்தன, பிறகு நின்றன. அவ்வாண்டு செப்டம்பரில்தான் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதிமுறை வெளியிட்டது. பணம் நேராக வாங்குபவரின் கணக்குக்கு வர வேண்டும், மொத்தச் செலவை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும், போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்று அதில் இருக்கிறது.

நான் அப்போதும் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை. 20,000 ரூபாய் கொடுத்தேன். சீராக்கின் ஞானம் என்ற நூல் நம் கத்தோலிக்கப் பதிப்பில் உண்டு. கி.மு. 180 வாக்கில் எருசலேமில் எழுதியது, பேரன் எகிப்தில் கிரேக்கத்துக்கு மாற்றியது. அதன் 29ஆம் அதிகாரம் நீதிமொழிகளை விட நிதானமாகப் பேசுகிறது. முடிந்த அளவுக்கு அயலானுக்கு உதவு, ஆனால் நீயும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள் என்பது அதன் சாரம். இல்லாத பணத்துக்கு வாக்குக் கொடுப்பது வேறு, இருப்பதில் கொஞ்சம் எடுத்துக் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசம் எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

தம்பி மாதம் ஆயிரமாக அனுப்பினான். நடுவில் சில மாதம் விட்டுப்போகும், நான் கேட்கவில்லை. சென்ற ஆண்டு கல்யாணப் பத்திரிகையோடு வந்தபோது மீதி மூவாயிரத்தை ஒரு கவரில் வைத்துக் கொடுத்தான். அதைப் பெண்ணுக்கு மொய்யாக எழுதிவிட்டோம்.

அதன் பிறகுதான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர ஆரம்பித்தது. அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறான். நான் அறிவுரை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். படிவம் நிரப்புகிறேன், சின்ன எழுத்தைப் படித்துக் காட்டுகிறேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். எப்போதாவது ஒரு பையன், "வெறும் ஃபிட்டர்தானேங்க ஐயா" என்று தன்னைத் தாழ்த்திப் பேசினால் மட்டும் சீராக்கின் 38ஆம் அதிகாரத்தை எடுப்பேன். உலைக்கருகே வேகும் கொல்லன், சக்கரத்தைக் காலால் சுழற்றும் குயவன், இவர்கள் இல்லாமல் எந்த நகரத்திலும் யாரும் குடியிருக்க முடியாது என்று அங்கே ஓர் எழுத்தர் எழுதி வைத்திருக்கிறார். ஓசூருக்கு அதைவிடப் பொருத்தமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

என் வயதுக்காரர்களான உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு பையனோ பெண்ணோ தயங்கித் தயங்கி உங்கள் வாசலில் வந்து நின்றால், புத்தகத்தை எடுப்பதற்கு முன் ஒரு நாற்காலியைப் போடுங்கள். எதற்கு என்று கேளுங்கள். புத்தகம் எங்கும் போய்விடாது.