சோர்ந்த மனம் சொல்லும் சாட்சி



சரீர வியாதிக்கு ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்க நம்மில் எவரும் தயங்குவதில்லை. சர்க்கரை வியாதி, மூட்டுவலி, இரத்த அழுத்தம் என்று வெளிப்படையாய் எழுதுகிறோம். மனச்சோர்வு என்று எழுதப்பட்ட ஜெபக்குறிப்பை என் ஊழிய நாட்களில் நான் கண்டது மிக அரிது. அந்த நோய் நம் நடுவில் இல்லை என்பது இதற்குப் பொருளன்று. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு உட்படுகிறார். அறுபது பேர் கூடும் சிறிய சபையில் அது மூன்று பேர் ஆகும். அப்படிப்பட்ட ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். ஆகையால் இதை எழுதுகிறேன்.

என் நாற்பத்தாறாம் வயதில், ஏறத்தாழ எட்டு மாத காலம் நான் அந்நோயினால் பீடிக்கப்பட்டிருந்தேன். அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், பின்பு உறக்கமில்லை. உணவில் ருசியில்லை. வாசித்த பக்கம் மனதில் தங்கவில்லை. ஆயினும் மும்பையில் நாங்கள் வசித்த கட்டடத்தில் எவரும் அதை அறியவில்லை. வெளியே வழக்கம்போல் சிரித்தேன், பிரசங்கித்தேன். அறிந்தவள் என் மனைவி ஒருத்தியே. "என்னங்க, ஜெபமும் பண்ணுவோம், டாக்டரையும் பார்ப்போம்" என்று அவள் சொன்னாள். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, ஓர் உளவியல் ஆலோசகரிடமும் அனுப்பினார். அவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி எளிமையானது: "உங்கள் மனம் சட்டென்று தாழ்ந்துபோகும் அந்தக் கணத்தில், உள்ளே என்ன சொல்லிக்கொள்கிறீர்கள்?"

அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரன் பெக் என்னும் மனநல மருத்துவர் பணியாற்றினார். சிக்மண்ட் ஃபிராய்டின் முறையில் பயிற்சி பெற்றவர் அவர். பிறர்மேல் எழுந்த கோபம் உள்நோக்கித் திரும்புவதே மனச்சோர்வு என்பது அம்முறையினரின் போதனை. அதை நிரூபிக்கும் நோக்கத்தோடு பெக் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அவற்றில் அவர் எதிர்பார்த்த கோபம் காணப்படவில்லை. தோல்வியும் இழப்புமே நிறைந்திருந்தன. மேலும் கூர்ந்து கவனித்தபோது, நோயாளிகளின் உள்ளத்தில் அழைக்காமலே தோன்றி நொடியில் மறையும் எண்ணங்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார். அவை மூன்று திசைகளில் பாய்ந்தன: "நான் தகுதியற்றவன்" என்று தன்னைக் குறித்தும், "எனக்கு ஆதரவானது எதுவுமில்லை" என்று உலகத்தைக் குறித்தும், "இனி ஒன்றும் மாறாது" என்று எதிர்காலத்தைக் குறித்தும். 1960களில் அவர் வகுத்த இவ்விளக்கத்தின் அடிப்படையிலான சிகிச்சை முறையை, 1979இல் மூவருடன் இணைந்து நூலாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் அது கையாளப்படுகிறது. பெக் 2021இல், தமது நூறாம் வயதில் காலமானார்.

சோர்ந்த மனம் சாட்சி சொல்லும்போது அதில் சில வழக்கமான கோணல்கள் உண்டென்று பெக்கும் அவர் வழிவந்தவர்களும் எடுத்துக்காட்டினர். ஒரு தோல்வியைக் கண்டு வாழ்க்கை முழுவதுமே தோல்வி என்று தீர்ப்பது ஒன்று. முழுவெற்றி இல்லையேல் முழுவீழ்ச்சி என்று எண்ணி, நடுவே எதுவும் இல்லையென்பது மற்றொன்று. ஒருவர் வாய் திறவாதபோதே அவர் நம்மை இகழ்கிறார் என்று முடிவு செய்வது வேறொன்று.

என் ஆலோசகர் ஒரு நோட்டுப்புத்தகத்தில் மூன்று பத்திகள் வரையச் சொன்னார். முதலாவதில் நடந்தது, இரண்டாவதில் அப்போது தோன்றிய எண்ணம், மூன்றாவதில் அந்த எண்ணத்திற்குச் சாதகமாகவும் பாதகமாகவும் உள்ள ஆதாரங்கள். அவர் தமிழர் அல்லர். எனக்கோ எண்ணங்கள் தமிழிலேயே தோன்றின. ஆகவே தமிழில் எழுதி, அவருக்கு இந்தியில் விளக்கினேன். ஒரு ஞாயிறு ஆராதனைக்கு எழுபது பேர் வரவேண்டிய இடத்தில் இருபத்திரண்டு பேரே வந்திருந்தனர். இரண்டாம் பத்தியில் நான் எழுதியிருந்தது: "என் ஊழியம் முடிந்துவிட்டது. ஜனங்கள் என்னை வெறுத்துவிட்டார்கள்." மூன்றாம் பத்தியை நிரப்ப உட்கார்ந்தபோதுதான், அன்று ஹார்பர் பாதையில் மெகா பிளாக் என்பதும், நம் குடும்பங்களில் பாதி மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தன என்பதும் நினைவுக்கு வந்தன. இரண்டும் எனக்கு முன்பே தெரிந்தவையே. ஆனால் நோயுற்ற மனம் அவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற அனுமதிக்கவில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியும் இங்கே குறிப்பிடத்தக்கது. மார்ட்டின் செலிக்மேன், ஸ்டீவன் மையர் என்னும் இருவர், தப்ப வழியில்லாத நிலையில் மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்களில் பல, பின்பு எளிதாகத் தாண்டக்கூடிய தடுப்பின் முன்னும் முயலாமல் படுத்துக் கிடந்ததை 1967இல் விவரித்தனர். மனிதரிடத்தில் இதைப் பொருத்தி, 1978இல் லின் ஆப்ரம்சன், செலிக்மேன், ஜான் டீஸ்டேல் ஆகியோர் ஒரு விளக்கம் அளித்தனர். துன்பம் நேரும்போது "என்னால்தான் வந்தது, என்றைக்கும் இப்படித்தான், எல்லாவற்றிலும் இப்படித்தான்" என்று காரணம் கற்பித்துக்கொள்பவர்கள் எளிதில் சோர்வில் விழுகிறார்கள் என்பதே அது. 2016இல் மையரும் செலிக்மேனும் தங்கள் பழைய கருத்தையே திருத்திக்கொண்டார்கள். நீண்ட துன்பத்தின் முன் செயலற்றுப் போவது மூளையின் இயல்பான எதிர்வினை. "என்னால் ஏதாவது செய்யக்கூடும்" என்பதே கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். அந்த நாட்களில் எனக்குப் பலன் தந்ததும் அதுவே. காலையில் எழுந்து முகச்சவரம் செய்வது, ரயில் நிலையம்வரை நடந்து திரும்புவது, ஒரு வீட்டாரை மட்டும் சந்திப்பது என்று சிறு சிறு செயல்களால் என் மனம் மீண்டும் பழக்கப்பட்டது.

பிரியமானவர்களே, சபையாராகிய நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. "நான் தகுதியற்றவன்" என்று ஓயாமல் வாதிடும் மனதை உடையவரிடம் சென்று, "உமக்கு விசுவாசம் போதாது" என்று நாம் சொன்னால் என்ன நேரும்? நாம் எழுப்பிவிட எண்ணிச் சொல்கிறோம். அவருடைய நோயோ அதைப் புதியதோர் ஆதாரமாகப் பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே தன்னைக் குற்றவாளி என்று தீர்த்துக்கொண்டவருக்கு எதிராக நாமும் சாட்சி சொன்னவர்களாவோம்.

எலியாவின் சரித்திரத்தை நாம் அறிவோம். கர்மேலின் வெற்றிக்குப்பின் அவர் சூரைச்செடியின் கீழ் மரணத்தை வேண்டினார். அங்கே அவருக்கு முதலில் கிடைத்தது கடிந்துகொள்ளுதல் அன்று; உறக்கமும், அடையும், தண்ணீருமே. தாம் ஒருவரே மீந்திருப்பதாக அவர் எண்ணியது பின்னரே திருத்தப்பட்டது. இன்னும் ஏழாயிரம் பேர் உண்டென்று அவருக்கு அறிவிக்கப்பட்டது. முதலாவது போஜனம், பிறகே கணக்கு. இந்த ஒழுங்கு நமக்கும் நல்லது.

இவ்விளக்கத்தை ஒருவரும் தவறாகக் கொள்ளலாகாது. எண்ணங்களே எல்லாவற்றிற்கும் காரணம் என்று பொருளல்ல. பரம்பரை, பிரசவத்திற்குப் பின்வரும் சரீர மாறுதல், தைராய்டு குறைபாடு, வேலையிழப்பு, கடன், துணையின் மரணம் ஆகிய பலவும் இந்நோய்க்கு வாசலைத் திறக்கின்றன. உள்ளே நுழைந்த நோயை எண்ணங்கள் நிலைபெறச் செய்கின்றன. எனவே "நல்லதையே நினையுங்கள், சரியாகிவிடும்" என்பது இச்சிகிச்சை அன்று. மெய்யான துக்கத்தை மறுக்கவும் அது சொல்வதில்லை. துக்கத்தோடு ஒட்டிக்கொண்ட பொய்யை மட்டும் பிரித்தெடுக்கிறது. நோய் கடுமையாயிருக்கையில் மருந்தும் அவசியம். எனக்கும் அது அவசியமாயிருந்தது.

உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒருவர் இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் உற்சாகமும் இழந்து, தன்னையே பழித்துக்கொண்டிருந்தால், புத்தி சொல்ல விரையாதிருங்கள். அருகில் அமர்ந்து, "உள்ளே என்ன ஓடுகிறது?" என்று கேளுங்கள். சாவதே மேல் என்னும் பேச்சு எழுந்தால் அதை அற்பமாக எண்ணாமல், அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

இதை வாசிக்கும் ஒருவர், அதிகாலை மூன்று மணிக்கு விழித்திருந்து, தன்னைக் குறித்து மனம் சொல்வதையெல்லாம் உண்மையென்று நம்பிக்கொண்டிருக்கலாம். அவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே: சகோதரனே, சகோதரியே, அந்த வேளையில் உங்கள் மனம் சொல்லும் சாட்சி நோயுற்றவரின் சாட்சி. அதைக் கேளுங்கள், தாளில் எழுதுங்கள். விடிந்தபின் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் காண்பியுங்கள். மறுபக்கச் சாட்சிகளை விசாரிக்கும்வரை தீர்ப்பை மட்டும் எழுதிவிடாதிருங்கள்.