ஹங்கேரியில் ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைத்தால்...

ஹங்கேரியில் குழந்தைக்கு நினைத்த பெயரை எல்லாம் வைத்துவிட முடியாது. அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. அதில் இல்லாத பெயர் வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டும். மொழி அறிஞர்கள் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அதிகபட்சம் இரண்டு பெயர்கள்தான் வைக்கலாம். வெளிநாட்டுப் பெயரானாலும் ஹங்கேரிய எழுத்துமுறைப்படிதான் பதிவு செய்வார்கள். 'ஜெனிஃபர்' என்று எழுத அங்கே முதலில் டி, இசட், எஸ் என்று மூன்று எழுத்துகள் போட வேண்டும்! சிறுபான்மை இனத்தவருக்கு விலக்கு உண்டு.

இவ்வளவு கவனமாக வைக்கும் பெயர்களின் அர்த்தங்களைப் பாருங்கள், அழகாக இருக்கும். விராக் என்றால் பூ. இபோயா என்றால் ஊதாப்பூ. சில்லா என்ற பெயர் 'நட்சத்திரம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஹாய்னால்கா என்ற பெயருக்குள் விடியற்காலை இருக்கிறது. ஆண் பெயர்களில் ஃபார்காஷ் என்றால் ஓநாய். ஹங்கேரியர்களின் பழைய தலைவன் ஆர்பாத்தின் பெயர் வாற்கோதுமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஸோல்தான் என்பது நமக்குத் தெரிந்த 'சுல்தான்'தான்!

துந்தே என்ற பெயர் ஒரு கவிஞர் உருவாக்கியது. மிஹாய் வொரொஷ்மார்ட்டி 1831-இல் வெளியான தன் நாடகத்தின் நாயகிக்காக, 'தேவதை' என்ற சொல்லிலிருந்து அதை எடுத்தார். இன்று அது சாதாரணமாக வைக்கும் பெயர்.

பிறந்தநாள் போலவே அங்கே பெயர் நாளும் உண்டு. காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் பெயர்கள் அச்சிட்டிருக்கும். ஜூன் 1 துந்தேயின் நாள். அன்று அந்தப் பெயர் உள்ளவர்களுக்குப் பூ கொடுத்து வாழ்த்துவார்கள்.

இப்படிக் கொண்டாடுகிற பெயர், கல்யாணத்தோடு காணாமல் போகும் வழக்கமும் அங்கேதான் இருக்கிறது. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முதலில் எழுதுவார்கள். கோவாச் யானோஷ் என்றால் கோவாச் குடும்பத்து யானோஷ். அவரை மணந்த பெண் 'கோவாச் யானோஷ்னே' ஆகிவிடுவார். 'னே' என்றால் மனைவி. அதாவது, யானோஷின் மனைவி, அவ்வளவுதான். துந்தேயும் இல்லை, விராக்கும் இல்லை. அம்மா அப்பா தேடித் தேடி வைத்த பெயர் அடையாள அட்டையில் 'பிறப்புப் பெயர்' என்ற வரியில் மட்டும் மிஞ்சும்.

இன்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பெண் தன் பெயரையே வைத்துக்கொள்ளலாம், கணவரின் குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், விரும்பினால் 'னே'யும் ஆகலாம். 2004 முதல் கணவரும் மனைவியின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள முடியும். முழுவதும் கணவர் பெயராக மாறுவதை இளம் பெண்கள் குறைத்துவிட்டார்கள். ஆனால் வயதான பெண்கள் பலருக்கு இன்றும் கடிதம் அந்தப் பெயரில்தான் வருகிறது.

பட்டியல், விண்ணப்பம், அறிஞர்களின் கருத்து என்று ஒரு பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து வைக்கிறார்கள். அந்தப் பெயரைக் கடைசிவரை சொல்லிக் கூப்பிட்டால்தானே அவ்வளவு கவனத்துக்கும் அர்த்தம்?