இந்த ஊரில் வசந்தம்

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதியைப் பற்றி எழுதும்போது, அதில் வந்த ‘வசந்தம்’ என்ற சொல்லைக் கேலி செய்திருந்தேன். சங்ககிரியில் உட்கார்ந்துகொண்டு வசந்தத்தைப் பாடுகிறவன் பார்த்ததை எழுதவில்லை, படித்ததை எழுதுகிறான் என்பது என் வாதம். நண்பர் பதில் எழுதவில்லை. அந்த வாதத்தில் பாதியை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு வசந்தம் என்றால் பனி உருகி டாஃபடில் பூப்பது. பங்குனியில் இங்கே உருகுவது தார்ச்சாலை. வங்கியில் அது ஆண்டுக் கணக்கு முடிக்கிற காலம். மார்ச் 31 வரை ஜன்னலுக்கு வெளியே பார்க்க நேரமில்லை. பார்த்தாலும் தெரிவது பாறைமலை, அதன்மேல் ஏறிச் செல்லும் கோட்டைச் சுவர். 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். வெயிலில் அந்தப் பாறையைப் பார்த்துக் கவிதை தோன்ற நியாயமில்லை என்றே மூன்று வருஷமாக நினைத்திருந்தேன்.

பங்குனி முடியும் தறுவாயில் ஒரு மாலை, லாரிப் பட்டறை வாசலில் புங்கமரம் ஒன்று துளிர்த்திருந்தது. சில நாட்களுக்கு முன் வெறும் குச்சியாக நின்ற மரம். துளிரைப் பச்சை என்று சொல்ல முடியவில்லை. மஞ்சளும் இல்லை. சாயும் வெயில் இலையின்மேல் படாமல், இலைக்குள் புகுந்து இந்தப் பக்கம் வருவதுபோலிருந்தது. தெருவில் நின்று அதைப் பார்த்தேன். யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் பழைய காமிராவில், கறுப்பு வெள்ளைச் சுருளில், மலை பின்னணியாக வர அந்த மரத்தை எடுத்தேன். பிரதியைத் தஞ்சாவூரில் இருக்கும் மனைவிக்கு அனுப்பினேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “ஏன், மரம் பட்டுப் போச்சா?”

பிழை என்னுடையது. வானத்தின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தேன்; மரம் கருநிழலாக விழுந்துவிட்டது. காமிரா பொய் சொல்லவில்லை. நான் பார்த்ததையும் சொல்லவில்லை. 1858இல் சேலம் ஜில்லாக் காட்சிகளைப் புகைப்படத் தொகுதியாக வெளியிட்ட லின்னேயஸ் ட்ரைப்புக்கும் இந்தச் சங்கடம் உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். அன்றைய ரசாயனம் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக இணங்கும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும், இலை கரியாகவும் வரும். ட்ரைப் தம் காகித நெகட்டிவ்களின் மேல் தூரிகையால் மேகங்களையும் இலைகளையும் தீட்டிச் சேர்த்தார். ராணுவ அதிகாரி, ஆவணம் எடுக்க அமர்த்தப்பட்டவர். ஆவணம் உண்மையாக இருக்கவே அவருக்குத் தூரிகை தேவைப்பட்டது. பார்த்ததை மட்டும் எழுது என்று கவிஞர்களுக்கு உபதேசம் செய்த எனக்கு இது சற்று இடித்தது.

புங்கமரத்தடியில் லாரிகளுக்குப் பின்பலகைச் சித்திரம் எழுதும் பெயிண்டர் ஒருவர் இருக்கிறார். பனிமலை, ஏரி, இரண்டு அன்னம், ஓட்டுவீடு: இதுதான் அவருடைய வசந்தம். சங்ககிரி மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இமயமலை எழுதுவார். எனக்கு அதில் ஒரு ரகசியச் சிரிப்பு இருந்தது. படத்தைக் காட்டி, இந்தத் துளிருக்கு என்ன வர்ணம் போடுவீர்கள் என்று கேட்டேன்.

“துளிருக்குப் பச்சை ஆகாதுங்க சார். மொதல்ல மஞ்சள். அது காயறதுக்குள்ள பச்சையைத் தொட்டும் தொடாம இழுக்கோணும்.”

அவர் அந்த மரத்தைப் பார்த்திருக்கிறார். நான் மூன்று வருஷம் பார்க்கவில்லை. பிறகு ஏன் இதை எழுதுவதில்லை என்றேன்.

“இத எவனுங்க லாரியில எழுதச் சொல்றான்? டிரைவரு தெனமும் ரோட்டுல பாக்கறதுதானுங்களே.”

இல்லாததைத்தான் எழுதிக் கேட்கிறார்கள். டாஃபடிலும் அன்னமும் ஒரே பட்டறைச் சரக்கு என்று அப்போது தெரிந்தது. என் சிரிப்புக்கு இடமில்லை.

நம் பழைய கவிஞர்கள் இளவேனிலைக் கொண்டாட்டமாக மட்டும் பார்க்கவில்லை. தொல்காப்பியம் வேனிலைப் பாலைக்கு உரிய பொழுதாக வைத்தது. பொருள் தேடிப் போனவன், வருவதாகச் சொன்ன பருவம் வந்துவிட்டது, மரம் பூத்துவிட்டது, ஆள் வரவில்லை. உதிர்ந்த புங்கம்பூவில் பொரியைக் கண்டவர்களும் அவர்கள்தான். வறட்சியும் பூவும் ஒரே பருவத்தில் அடங்குவது அவர்களுக்கு முரணாகப் படவில்லை. மாற்றலில் வந்து ஒற்றை அறையில் சமைத்துக்கொள்ளும் குமாஸ்தாவுக்குப் ‘பொருள்வயிற் பிரிவு’ என்பதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

பள்ளி விடுமுறைக்கு மனைவியும் குழந்தையும் வருவார்கள். அதற்குள் துளிர் முற்றி, எல்லா மரத்தையும்போல் பச்சையாகியிருக்கும். பட்டுப்போகவில்லை என்று மட்டும் காட்டலாம். அந்த நிறத்தைச் சொல்ல எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. சங்ககிரிக்கு வசந்தம் வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘வசந்தம்’ என்று எழுதிவிட்டால் அது வந்துவிடாது என்ற மறுபாதியை நண்பர் இன்னும் எனக்கு விட்டுத்தர வேண்டும்.