பழைய பைக்கு ஒரு கைப்பக்குவம்

சகோதரிகளே, உங்கள் வீட்டு அலமாரியின் மேல் தட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். உடைந்த குடை, கல்யாணத்தில் வந்த தாம்பாளம், மூன்று வருஷத்துக் காலண்டர்கள், இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு தோல் கைப்பை முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? யாரோ கொடுத்ததாக இருக்கும். அல்லது நாமே ஆசையாக வாங்கியதாக இருக்கும். நிறம் மங்கி, மூலை தேய்ந்து, ஒரு மழைக்காலத்தில் பூசணமும் பூத்திருக்கும். தூக்கிப் போடவும் மனம் வராது, தூக்கிக்கொண்டு வெளியே போகவும் மனம் வராது. அப்படிப்பட்ட பைக்காகத்தான் இன்று உங்களிடம் பரிந்து பேச வந்திருக்கிறேன்.

பரிந்து பேசுவதற்கு எனக்கு ஒரு பாத்தியதை உண்டு. நான் இருப்பது திண்டுக்கல் பேகம்பூரில். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் இங்கே அடக்கமாகியிருக்கிறார்; அவர் பெயரால்தான் ஊருக்கே பேகம்பூர் என்று பெயர் வந்தது என்பார்கள். வெளியூர்க்காரர்களுக்குத் திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கோ, அவற்றோடு தோலும் சேர்ந்ததுதான் ஊர். தோல் பதனிடும் தொழிற்சாலையை நாங்கள் 'தோல் ஷாப்பு' என்றுதான் சொல்வோம். இந்த ஷாப்புகளில் உழைத்தவர்களின் வாழ்க்கையை வைத்து டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' என்ற நாவலுக்கு 2012-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதைப் படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஷாப்பைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அங்கிருந்து வந்த தோலில் செய்த பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு பெருமையாகப் போவார்கள். உலக வழக்கம் அப்படி! ஆனால் அந்தப் பை எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அதைச் சுத்தம் செய்யும் வித்தையில் பாதி தானே வந்துவிடும்.

கேளுங்கள். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை முதலில் தண்ணீரில் ஊற வைப்பார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டி. அதில் ரோமம் கழன்றுவிடும். ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுத்து, சுண்ணாம்பைப் போக்கி, அதன்பின் பட்டைத் தண்ணீரில் போடுவார்கள். அந்த நாளில் அது ஆவாரம் பட்டை. பொங்கலுக்கு நாம் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரஞ்செடிதான். பின்னால் வாட்டில் மரப் பட்டை வந்தது. நம் கொடைக்கானல் மலையில் அந்த மரத்தை நட்டு வளர்த்தது பட்டைக்காகவும் விறகுக்காகவும்தான். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்து, எண்ணெய் ஊட்டி, உலர்த்துவார்கள். பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்துத் தோலின் நார்களைப் பிடித்துக்கொள்வதால்தான் தோல் அழுகுவதில்லை. ஊட்டிய எண்ணெய் நார்களுக்கு நடுவே இருப்பதால்தான் அது துவளுகிறது. தமிழ்நாட்டின் இந்தப் பட்டைத் தோல் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் சீமை வரை போனது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. குரோமிய உப்பில் பதனிடுவது வேறு வழி. அது சீக்கிரம் முடியும். தோலும் மிருதுவாக இருக்கும். இன்று கடையில் விற்கும் பைகளில் பெரும்பாலானவை குரோம் தோல்தான்.

இதில் தண்ணீர் என்ற சொல் எத்தனை தடவை வந்தது பார்த்தீர்களா? ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிடச் சுமார் 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பது கணக்கு. போன தண்ணீர் உப்பும் சாயமுமாக வெளியே வந்தது. பல கிணறுகள் வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரித்தன. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அதில் பெயர் குறித்த 5 மாவட்டங்களில் எங்கள் திண்டுக்கல்லும் ஒன்று. அந்த மாவட்டங்களின் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவு நீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய், இல்லாவிட்டால் மூடு என்று கட்டளை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரம் நடந்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நம்மைப் போன்ற பெண்கள்தான்.

ஆகவே ஒரு தோல் பையின் விலையைக் கடைக்காரர் ஒட்டிய சீட்டில் மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பிராணி, ஒரு மரத்தின் பட்டை, பலருடைய உழைப்பு, ஒரு ஊரின் கிணற்று நீர், இவ்வளவும் கொடுத்து வாங்கிய பொருள் அது. கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வராது. அந்தப் பையை இரண்டு வருஷத்தில் குப்பையில் போட்டால் அது இரட்டை நஷ்டம். இருபது வருஷம் உழைக்க வைத்தால்தான் கணக்கு ஓரளவாவது நேராகும்.

சமீபத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு பையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தாள். முதல் தடவையாக உத்தியோகத்துக்குப் போகிறவள்.

"அக்கா, துபாயில இருக்கிற எங்க மாமி பழசுன்னு குடுத்தாங்க. புதுசு வாங்க இப்போ கையில காசில்ல. தேங்காய் எண்ணெயைத் தேச்சா பளபளன்னு ஆயிடும்னு சொல்றாங்களே, தேய்க்கட்டுமா?"

"எண்ணெய்ப் பாட்டிலை முதல்ல கீழே வை, தாயி!" என்றேன்.

தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, பைக்கு ஆகாது. தோலைத் திட்டுத் திட்டாகக் கறுக்க அடிக்கும். நாளானால் சிக்கு வாடை வீசும், தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். வெட்டிய விளிம்பு எங்காவது தெரியும். அங்கே மெல்லிய நார்களாக இருந்தால் தோல். துணியின் மேல் ஒரு ஏடு படிந்ததுபோல் இருந்தால் அது செயற்கைத் தோல். அந்த ஏடு அப்பளம்போல் உரிய ஆரம்பித்துவிட்டால் வைத்தியம் கிடையாது, காசைச் செலவழிக்காதீர்கள். தோல் என்று தெரிந்தால், பையின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்துப்போல் நின்றால் மேலே பூச்சு உண்டு, ஈரத்துணி தாங்கும். உடனே உறிஞ்சிக் கறுத்தால் அது பூச்சில்லாத தோல். ஈரத்தை மிகமிகக் குறைவாகக் காட்ட வேண்டும். வெல்வெட்டுப்போல் சொரசொரப்பான தோலுக்கு ஈரமும் வேண்டாம், கிரீமும் வேண்டாம். மெல்லிய பிரஷ், பென்சில் அழிக்கும் ரப்பர், அவ்வளவே.

அடுத்தது, பையைக் காலி செய்வது. உள்துணியை வெளியே இழுத்து உதறுங்கள். மூலையில் இருந்து பஸ் டிக்கெட், ஊக்கு, உருகிய மிட்டாய், முகப்பவுடர் என்று ஒரு சரித்திரமே விழும்! பூசணம் இருந்தால் இந்த வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வாசலில் வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் லேசாகத் தொட்டு இன்னொரு முறை துடைக்கலாம். ஆனால் ஸ்பிரிட்டு சில சாயங்களைக் கரைக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

இனி அழுக்கு. தையல் இடுக்கில் உள்ள தூசியைப் பழைய பல் பிரஷால் தட்டி எடுங்கள். காரம் குறைந்த குளியல் சோப்பைத் தண்ணீரில் நுரைத்து, நுரையை மட்டும் துணியில் எடுத்து, நன்றாகப் பிழிந்த பின் துடைக்க வேண்டும். கறை உள்ள இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே வட்டமாக ஒரு கரை கட்டும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுப் பக்கத்தையும் துடையுங்கள். பிறகு வெறும் ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிடுங்கள். கைப்பிடியில் ஏறிய எண்ணெய்க்குச் சோப்பைவிட முகப்பவுடர் மேல். கனமாகத் தூவி ஓர் இரவு வைத்தால் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும்; காலையில் தட்டிவிடலாம். பேனா மைக்கறையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஒரு புள்ளியாக இருந்தது உள்ளங்கை அகலம் ஆகிவிடும்.

உலர்த்துவது நிழலில். பழைய வெள்ளைத் துணியை உள்ளே அடைத்து, பையின் உருவத்தை நேராக்கி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயில், அடுப்படி, தலைமுடி உலர்த்தும் கருவி எதுவும் கூடாது. நனைந்த பட்டைத் தோல் சுமார் 75 முதல் 85 டிகிரிச் சூட்டில் சுருங்கிவிடும். வயதான தோல் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கும். சுருங்கினது திரும்ப விரியாது.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் தீனி. செருப்புக் கடையில் நிறமில்லாத தோல் கிரீம் என்று கேளுங்கள். பட்டாணி அளவு எடுத்து மெல்லத் தேய்த்து, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். குழந்தைக்கு ஊட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று நாள் கொடுக்கலாம். ஒரே நாளில் திணிக்கக் கூடாது. தேய்ந்த மூலைக்கு அதே நிறக் கிரீமைத் தடவலாம். ஆனால் வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்து, அதில் நிறம் ஒட்டாத வரை துடைத்துக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் உங்கள் புடைவையே சாட்சி சொல்லும்!

இரண்டு எச்சரிக்கைகள். பித்தளை வளையத்தைத் துலக்கப் புளியையோ எலுமிச்சையையோ கொண்டு போகாதீர்கள். பாத்திரத்துக்குச் சரி, பக்கத்தில் இருக்கும் தோலை அந்தப் புளிப்புக் கெடுக்கும். இன்னொன்று, பட்டைத் தோல் பையில் ஈரமான இரும்புச் சாவியைப் போட்டு வைக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பூட்டுச் சாவியாக இருந்தாலும்தான்! கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை. அந்த நாளில் அப்படித்தான் எழுதும் மை காய்ச்சினார்கள். பையிலும் அதே மைதான் உண்டாகும்.

தையல் விட்டிருந்தால் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விடச் சொல்லுங்கள். புது ஓட்டை போட்டால், தபால்தலை கிழிவதுபோல் அந்தக் கோட்டிலேயே தோல் கிழியும். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஜிப்பு முரண்டு செய்தால் மெழுகுவர்த்தியை இரண்டு முறை தேய்த்தால் போதும்.

எல்லாப் பையும் பிழைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொட்டால் செம்மண்போல் சிவப்புத் தூள் உதிர்ந்தால் தோலின் நாரே இற்றுப்போய்விட்டது. அதற்குக் கிரீமும் மருந்தல்ல, எண்ணெயும் மருந்தல்ல. பொத்தான், வளையம், வார் இவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு விடை கொடுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், பழைய பருத்தித் தலையணை உறையில் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை வெளியே எடுத்துக் காற்றாட விட்டால் பூசணம் அண்டாது.

"பிறத்தியார் தோளில் தொங்கினதா?" என்று யாராவது மூக்கைச் சுளித்தால் கூசாதீர்கள். பாட்டியின் அட்டிகையை நாம் அப்படிக் கேட்கிறோமா? பாட்டியின் பட்டை அப்படிக் கேட்கிறோமா? மேல் தட்டில் இருக்கும் அந்தப் பையை இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்கள். ஒரு பழைய பை உங்கள் கையில் ஐந்து வருஷம் கூடுதலாக உழைத்தால், புதிதாக ஒரு தோல் தொட்டியில் இறங்குவது அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். அந்தத் தண்ணீர் எங்கள் ஊரிலோ, எங்களைப் போன்ற வேறோர் ஊரிலோ, ஒருத்தியின் குடத்துக்கு மிஞ்சும்.